தட்டிக் கேட்ட கல்லும் கல்லீரலும்

மயிலாடியில் ஒரு பட்டறைக்குப் புதிதாகக் கல் வந்து இறங்கினால், யாரும் உடனே உளியைக் கையில் எடுப்பதில்லை. மூத்த சிற்பி கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மேலே தண்ணீர் ஊற்றச் சொல்லி, காயும்போது ஈரம் எங்காவது கோடாகத் தங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு சிறு சுத்தியலால் தலைமாடு, நடு, கால்மாடு என்று தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று எழும்பிய ஓசை சற்று நேரம் நின்று ஓய்ந்தால் கல் உள்ளே ஒன்றாக இருக்கிறது. பொத்தென்று விழுந்து அங்கேயே அடங்கினால் உள்ளுக்குள் விரிசல் ஓடுகிறது. மாதக்கணக்கில் உழைத்து முகம் செதுக்கும் நேரத்தில் மூக்கோரம் ஒரு கோடு தெரிந்துவிட்டால் சிலை பின்னமாகிவிடும். அது கருவறைக்கு ஆகாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்னால் இவ்வளவு தட்டல், இவ்வளவு கேட்டல்.

நாஞ்சில் நாட்டின் கிழக்கே, மருந்துவாழ் மலையின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் வேலைக்காக வந்து தங்கியவர்களின் வழியில் வந்ததே இங்குள்ள கல் தொழில் என்று ஊரில் சொல்வார்கள். குமரி மாவட்டக் கோயில்களுக்கும் கேரளத்துக் கோயில்களுக்கும் மூலவரும் பரிவாரமும் இங்கிருந்துதான் நெடுங்காலமாகப் போகின்றன. மயிலாடிக் கற்சிற்பம் இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

ஓசையைக் கொண்டு கல்லைத் தரம் பிரிப்பது பழைய வழக்கம். சிற்ப நூல்கள் கல்லை ஆண், பெண், நபும்சகம் என்று மூன்றாக வகுக்கின்றன. மணியோசை போல் ஒலிப்பது ஆண் கல். அதில் தெய்வத் திருமேனி செய்யலாம். தாளத்தின் ஒலி தருவது பெண் கல், அது பீடத்துக்கு. ஓசையே எழாதது நபும்சகக் கல். அது அடித்தளத்தோடு சரி. 'இந்தக் கல் நாளைக்கு என்னவாகும்' என்பதற்கு அன்றைய சிற்பி கண்ட விடை இந்தப் பிரிவு. சிலைக்கா, பீடத்துக்கா, அஸ்திவாரத்துக்கா என்பது ஒரு சில்லுகூடப் பெயராமல் முடிவாகிவிடும்.

இந்த அறிவு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை அறிய மயிலாடியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் போதும். சுசீந்திரத்து அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் கொத்தாகக் குடைந்த சிறு தூண்கள் நிற்கின்றன. தட்டினால் தூணுக்குத் தூண் வெவ்வேறு சுரம் எழும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹம்பி விட்டலர் கோயில் இசைத் தூண்களை, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் அளந்து 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அணு உலையின் உலோகத்தை உடைக்காமல் சோதிக்கும் கருவிகளையே அவர்கள் அங்கே எடுத்துப் போனார்கள். தூண்கள் உள்ளே பொள்ளலானவை அல்ல, திடமான கல்தான் என்றும், வளைந்து அதிரும் அதிர்விலிருந்தே அந்த ஓசை பிறக்கிறது என்றும் தெரிந்தது. சிற்பி காதால் அறிந்ததைக் கருவி எண்ணால் சொன்னது.

உடைக்காமல் உள்ளே இருப்பதை அறிய முடியுமா என்று பட்டறை கல்லிடம் கேட்கும் அதே கேள்வியை, மருத்துவம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லீரலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தமிழில் அந்த உறுப்பின் பெயரிலேயே கல் இருக்கிறது. நுரை போன்றது நுரையீரல், மண் போன்றது மண்ணீரல், கல் போன்றது கல்லீரல். கையால் தொட்டு அறிந்தவர்கள் வைத்த பெயர்கள் போலவே இவை மூன்றும் ஒலிக்கின்றன. குமரி மாவட்டத்தில் வேரூன்றியிருக்கும் சித்த மருத்துவம் நோயறியச் சொன்ன எண்வகைத் தேர்வு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டு. எட்டில் ஒன்றுக்குக்கூட உடம்பில் கத்தி பட வேண்டியதில்லை. விழியில் மஞ்சள், மூத்திரத்தில் மஞ்சள், வலது விலாவின் கீழே விரல் வைத்தால் தட்டுப்படும் கெட்டி ஆகியவற்றைக் கொண்டே ஈரல் நோயை மதிப்பிட்டார்கள்.

ஐரோப்பாவில் தட்டிப் பார்க்கும் முறையை எழுதி வைத்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் பிறந்த லியோபோல்ட் ஔவன்புருக்கர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை வெளியே தட்டியே கண்டுபிடிக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. நோயாளியின் மார்பிலும் அப்படியே தட்டிக் கேட்கலாம் என்று 1761இல் வியன்னாவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். காற்று நிறைந்த நுரையீரலின் மேல் ஓசை எழும்பும். ஈரல் தொடங்கும் இடத்தில் மங்கும். அந்த மங்கலின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறித்துக்கொண்டால் ஈரலின் அளவு தெரிந்துவிடும். நூலை நெடுநாள் யாரும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் அது பரவியது.

அதே ஆண்டுகளில் மயிலாடியிலும் ஒரு ஐரோப்பியர் இருந்தார். லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த பிரஷ்ய நாட்டுப் போதகர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பில் வந்த அவர், 1809இல் இங்கே தேவாலயம் கட்டினார், பள்ளி தொடங்கினார். பின்னாளில் நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த கல்விப் பணியின் வேர் இந்த மயிலாடிப் பள்ளியில்தான். உடல்நலம் குன்றி 1816இல் அவர் ஊரை விட்டுப் போனார். அந்த ஆண்டில்தான் பாரிஸில் ரெனே லெனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டு, ஸ்டெதாஸ்கோப்புக்கு வழி திறந்தார். 1819இல் லெனெக் வெளியிட்ட நூலில், இறந்தவர்களின் வயிற்றில் சுருங்கி, முடிச்சு முடிச்சாக, பழுப்பு மஞ்சள் நிறத்தில் கண்ட ஈரலுக்கு அந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்தார். இன்று நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் உறவினர் வாயிலும் அந்தச் சொல்தான்.

ரிங்கல்தௌபே விட்டுச்சென்ற மிஷன், மருத்துவத்தையும் பின்னால் கொண்டுவந்தது. 1838இல் நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏறிவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை வேண்டாமென்று விட்டு இங்கேயே வந்துவிட்டார். குடல்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் தென்னிந்தியா முழுதும் பேசப்பட்டன. அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை உறுதியாக அறிய வழி இரண்டுதான்: தொட்டும் தட்டியும் ஊகிப்பது, இல்லையென்றால் திறந்து பார்ப்பது. நடுவே ஒரு மூன்றாவது வழியாக வந்தது ஊசி.

1883இல் ஜெர்மனியில் பால் எர்லிக், நீரிழிவு நோயாளியின் ஈரலில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்துச் சர்க்கரைச் சேமிப்பை ஆராய்ந்தார். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு அது அபூர்வச் சோதனையாகவே கிடந்தது. 1939இல் கோபன்ஹேகனில் இவர்சனும் ரோஹோல்மும் 160 ஊசித் துணுக்குகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களிடையே மஞ்சள் காமாலை பரவியபோது, உயிரோடு இருப்பவரின் ஈரலில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. லண்டனில் ஷீலா ஷெர்லாக் என்ற இளம் மருத்துவர் இந்த ஊசியைக் கையாண்டே ஈரல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிறுவினார். இத்தாலியின் மெங்கினி 1958இல் ஊசியையும் உறிஞ்சும் முறையையும் மாற்றி, ஈரலுக்குள் ஊசி இருக்கும் நேரத்தை ஒரே நொடிக்குக் குறைத்தார். அதன் பிறகு பயாப்சி என்ற இந்த ஊசித் துணுக்கு முறை உலகெங்கும் அன்றாடச் சோதனையானது.

பயாப்சி என்ன சாதித்தது என்பதற்குத் தமிழ் வீடுகளுக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. பாட்டிமார் நினைவில் இன்னும் இருக்கும் 'ஈரல் கட்டி' அது. பிறந்து ஒன்றிரண்டு ஆண்டான குழந்தைக்கு வயிறு உப்பும். எரிச்சலும் அழுகையும் கூடும். ஈரல் தொப்புளை நோக்கி இறங்கும். வைத்தியர் விரல் வைத்தால் இலையின் ஓரம்போல் கூரான, கெட்டியான விளிம்பு தட்டுப்படும். பிறகு காமாலை, நீர்க்கோவை, மரணம். 1887இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் எழுதி வைத்த இந்த நோயைச் சென்னை மருத்துவர்கள் பத்தாண்டு பத்தாண்டாக ஆராய்ந்தார்கள். மயிலாப்பூரில் ஜம்மி வெங்கடரமணய்யா தயாரித்த 'லிவர் க்யூர்' மருந்தைத் தேடித் தென்னாடு முழுவதிலிருந்தும் தாய்மார் வந்தார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. விரலுக்கு நோய் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

காரணத்தைக் காட்டியது துணுக்கு. 1978இல் லண்டனில் போர்ட்மன், டானர் உள்ளிட்டோர் இந்தக் குழந்தைகளின் ஈரல் துணுக்குகளை ஆர்சீன் என்ற சாயத்தில் தோய்த்தபோது, செல்களுக்குள் செம்பைப் பிடித்துவைத்திருக்கும் துகள்கள் நிறைந்து கிடந்தன. ஈரலில் செம்பு இயல்பைவிடப் பல மடங்கு இருந்தது. அது எங்கிருந்து வந்தது? 1983இல் புனே மருத்துவர்களோடு சேர்ந்து டானர் வெளியிட்ட கட்டுரை சமையலறையைக் கைகாட்டியது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலும் எருமைப்பாலும் மிகச் சீக்கிரமே குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. பால் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடுப்படியில் எவர்சில்வர் வந்ததும், தாய்ப்பால் பற்றிய அறிவுரை பரவியதும், ஈரல் கட்டி மறைந்தே போயிற்று. 'எதனால்' என்ற கேள்விக்கு விடை சொல்ல உள்ளே போய் ஒரு சில்லு எடுத்தே ஆகவேண்டியிருந்தது. பயாப்சியின் பெருமை இது, இன்றும் குறையவில்லை.

அடுத்து வந்த நோய் வேறு மாதிரியானது. அதில் காரணம் ஏறக்குறைய வெளியே தெரிந்தது, தெரியாதது எதிர்காலம்.

1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், 20 பேரின் ஈரல் துணுக்குகளை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிச் சில்லில் பார்த்தால் அத்தனையும் குடிகாரர் ஈரல்: கொழுப்புத் துளிகள், அழற்சி, நார்த்தழும்பு. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்ல. பெரும்பாலும் உடல் பருத்தவர்கள், பலருக்கு நீரிழிவு. அதுவரை 'குடிப்பதில்லை' என்று இவர்கள் சொன்னதை மருத்துவர்கள் நம்பாமலே இருந்திருக்கிறார்கள். தன் நோயாளிகளின் சொல்லை நம்பி, பெயரில்லாத நோய்க்குப் பெயர் வைத்தார் லுட்விக்.

இன்று அந்த நோய் தமிழ்நாட்டில் 'ஃபேட்டி லிவர்' என்ற பெயரில் ஸ்கேன் சென்டர் அறிக்கையில் அச்சாகி வீடு வீடாக வருகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி வயது வந்தோரில் 38.6 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. 2021இல் இந்திய அரசு நீரிழிவு, இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் இந்த நோயையும் சேர்த்தது.

பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு இருக்கும் நோய் என்றால், அந்த நால்வரில் யாருக்கு அது வெறும் கொழுப்பாகவே நின்றுவிடும், யாருக்குச் சிரோசிஸும் புற்றும் வரை போகும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலோருக்கு அது நின்றுவிடும். சிலருக்கு ஈரல் மெல்ல மெல்ல நார் பாய்ந்து, பெயருக்கு ஏற்பக் கல்லாக இறுகும். இறுகுவதை 0 முதல் 4 வரை ஐந்து நிலையாகப் பயாப்சியில் பிரிக்கிறார்கள். 2015இல் 619 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து அங்குலோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கியது. துணுக்கில் தெரிவனவற்றுள் கொழுப்பின் அளவோ அழற்சியோ அல்ல, நார்த்தழும்பு மட்டுமே நோயாளியின் வருங்காலத்தோடு தனித்துத் தொடர்புடையது. சிற்பியின் பேச்சில் சொல்வதானால் கல்லின் நிறம் முக்கியமல்ல, இறுக்கம்தான் முக்கியம்.

அப்படியானால் நார்த்தழும்பை அளக்க எல்லோருக்கும் ஊசி போடலாமே? இங்கேதான் சில்லின் குறை வெளிப்பட்டது. ஈரலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஊசியில் வருவது குண்டூசித் தடிமனில் ஓரிரு சென்டிமீட்டர் நீளத் துணுக்கு. முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. 2005இல் பாரிஸில் ராட்சியுவும் உடன் மருத்துவர்களும், ஒரே நேரத்தில் 51 பேரிடம் ஆளுக்கு இரண்டு துணுக்குகளாக எடுத்து ஒப்பிட்டார்கள். 41 சதவீதம் பேருக்கு இரண்டு துணுக்குகளும் வேறு வேறு நிலையைக் காட்டின. முற்றிய தழும்பு ஒரு துணுக்கில் தெரிந்த 17 பேரில் 6 பேருக்கு, மற்றத் துணுக்கில் லேசான தழும்புதான் இருந்தது, அல்லது தழும்பே இல்லை. பாறையின் ஒரு மூலையில் உடைத்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பாறை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு நிச்சயமற்றது என்பதை மயிலாடிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஊசிக்கு வேறு விலையும் உண்டு. வலி வரும், சிலருக்கு இரத்தம் கசியும், அரிதாக உயிரே போகும். 1986இல் இத்தாலியில் 68,276 பயாப்சிகளைக் கணக்கெடுத்தபோது 6 பேர் அதனால் இறந்திருந்தார்கள். ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனாலும் கோடிக்கணக்கானவருக்கு இருக்கும் நோய்க்கு, அதுவும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

ஆகவே மருத்துவம் மறுபடியும் தட்டிக் கேட்கத் திரும்பியது. தொண்ணூறுகளில் பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க் நடத்திய அலை ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த சிந்தனை அது. அங்கிருந்து வந்த லோரான் சான்ட்ரன் 2003இல், அந்தச் சிந்தனையில் பிறந்த கருவியின் முதல் ஈரல் ஆய்வை வெளியிட்டார். ஃபைப்ரோஸ்கேன் என்று ஆஸ்பத்திரிகளில் அறியப்படும் அதன் முனையை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தோலில் ஒரு சிறு தட்டு விழும். அந்தத் தட்டிலிருந்து ஓர் அதிர்வலை ஈரலுக்குள் ஓடும். அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை, அதே முனையிலிருந்து போகும் அல்ட்ராசவுண்ட் பின்தொடர்ந்து அளக்கும். மெத்தென்ற ஈரலில் அலை மெல்லப் போகும். இறுகிய ஈரலில் விரையும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் இறுக்கம் 3 கிலோபாஸ்கல். வேகம் இரட்டித்தால் இறுக்கம் நான்கு மடங்காகி 12 ஆகும். ஊசித் துணுக்கைப்போல் நூறு மடங்கு பருமனுள்ள ஈரல் பகுதி இந்த ஓர் அளவையில் அடங்கிவிடுகிறது. ஔவன்புருக்கரின் விரல் ஈரல் எங்கே முடிகிறது என்று மட்டும் சொன்னது. இது ஈரல் எவ்வளவு கெட்டி என்று சொல்கிறது, சுத்தியல் கல்லைச் சொல்வது போல.

தட்டுவதற்கும் முன்னால், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது போன்ற ஒரு சோதனை இரத்தத்தில் இருக்கிறது. ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க மருத்துவர் 2006இல் உருவாக்கிய ஃபிப்-4 என்ற கணக்கு அது. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து பிடித்தவர்களுக்காகப் பிறந்தது, இன்று கொழுப்பு ஈரலுக்கு முதல் வாசலாக நிற்கிறது. வயதை ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏ.எல்.டி. என்ற மற்றொரு நொதியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 52 வயது, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 210 (ஆயிரத்தில்) என்றால் விடை 1.49. 1.3க்குக் கீழே என்றால் இப்போதைக்குப் பயமில்லை. 2.67க்கு மேலே என்றால் ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். நடுவே நிற்பவருக்குத் தட்டிக் கேட்கும் கருவி. செலவும் சிறிது, எந்த ஊர் இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் கிடைக்கும் எண்களே இவை.

ஆனால் இவை இரண்டும் நெடுநாள் பயாப்சியின் நிழலிலேயே இருந்தன. 'பயாப்சி சொல்வதை இது எவ்வளவு சரியாக ஊகிக்கிறது' என்பதே இவற்றுக்கு வைத்த தேர்வு. அந்தத் தேர்வில் பயாப்சியை மிஞ்சவே வழியில்லை. பயாப்சி பிழைபட்ட இடத்திலும் பழி கருவியின் மேல்தான் விழும். தேர்வையே மாற்ற வேண்டியிருந்தது. சிலை நின்றதா, பிளந்ததா என்று காலம் கழித்துப் பார்க்க வேண்டும்.

2023இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஃபெரென்ஸ் மோசஸும் பல நாட்டு ஆய்வாளர்களும் அதைச் செய்து லான்செட் குழுமத்தின் ஈரல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பயாப்சியும் செய்து, இந்தச் சோதனைகளும் செய்திருந்த 2,518 நோயாளிகளின் விவரங்களை ஆள் ஆளாகத் திரட்டினார்கள். அவர்களைப் பின்தொடர்ந்த காலத்தின் நடு அளவு 57 மாதம். அதற்குள் 145 பேருக்கு மரணமோ, ஈரல் புற்றோ, மாற்று ஈரலோ, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி போன்ற சிக்கல்களோ வந்திருந்தன. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொன்னது எது? பிழையே இல்லாத கணிப்புக்கு 1, காசு சுண்டிப் பார்ப்பதற்கு 0.5 என்று வைத்தால், பயாப்சியின் மதிப்பெண் 0.72. தட்டிக் கேட்கும் கருவிக்கு 0.76. ஃபிப்-4க்கு 0.74. அதைப் போன்ற இன்னொரு இரத்தக் கணக்குக்கு 0.70.

இந்த எண்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாடு, எது உயர்ந்தது என்று பந்தயம் கட்டும் அளவுக்குப் பெரியதல்ல. நான்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதுதான் செய்தி. உள்ளே போய்ச் சில்லெடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்தும் எதிர்காலத்தை அதிகமாகச் சொல்ல முடியவில்லை. வயதையும் மூன்று இரத்த அளவுகளையும் வைத்துப் போட்ட கணக்கு அதே அளவுக்குச் சொல்லிவிட்டது. எழுபது எண்பது ஆண்டுகளாக உரைகல்லாக இருந்த ஊசிக்கு இது பெரிய இறக்கம்.

நான்கில் ஒன்றுகூட 0.8ஐத் தொடவில்லை என்பதும் மறக்கக் கூடாத செய்தி. இந்தச் சோதனைகள் பயமில்லை என்று சொல்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். பயமுண்டு என்று சொல்லும்போது அடிக்கடி தவறும். கருவிக்கும் பொய்க் கணீர் உண்டு. சாப்பிட்ட உடனே அளந்தால், இதயம் பலவீனமாகி ஈரலில் இரத்தம் தேங்கினால், அப்போதுதான் காமாலை கண்டிருந்தால் ஈரல் இறுகாமலே இறுகியதுபோல் காட்டும். அதனால்தான் மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். தொப்பை பெருத்தவருக்கு வேறு முனை பொருத்த வேண்டும். ஃபிப்-4 கணக்கில் வயதே பெருக்கலில் இருப்பதால், 65 தாண்டியவருக்கு எல்லையை 2.0 என்று உயர்த்திக்கொள்கிறார்கள்.

ஊசிக்கும் அதற்கான வேலை எஞ்சியிருக்கிறது. உடல் தன் ஈரலையே தாக்கும் நோயா, மருந்தின் தீங்கா, செம்பா, இரும்பா என்று ஐயம் வந்தால் சில்லெடுக்காமல் தெரியாது. ஈரல் கட்டியின் காலத்தில் கேட்ட 'எதனால்' என்ற கேள்விக்கு அது இன்றும் முதல் சாட்சி. சிகிச்சை பலித்ததா என்று ஆராய்வதற்கும் அதுவே சாட்சி. கியூபாவில் 293 பேரை ஓராண்டு உணவு, உடற்பயிற்சியில் வைத்து விலார் கோமஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி தீர்ந்தது. 45 சதவீதத்தினருக்கு நார்த்தழும்பே பின்வாங்கியது. கல்லாகத் தொடங்கிய ஈரல் இளகும் என்ற அந்த நற்செய்தி, முன்னும் பின்னும் எடுத்த ஊசித் துணுக்குகள் இல்லாமல் உலகுக்குத் தெரிந்திருக்காது. இந்த நோய்க்கென 2024 மார்ச்சில் அமெரிக்கா முதன்முதலாக ஒப்புதல் அளித்த ரெஸ்மெட்டிரோம் மருந்தின் பலனையும் பயாப்சிதான் நிறுவியது. ஆனால் அந்த மருந்தை எழுதித் தருவதற்கு நோயாளிக்குப் பயாப்சி செய்திருக்க வேண்டும் என்று ஒப்புதலில் நிபந்தனை இல்லை. ஆராய்ச்சிக்கு ஊசி, சிகிச்சைக்குத் தட்டல் என்று வேலை பிரிந்துகொண்டிருக்கிறது.

மயிலாடியின் சிற்பிக்கும் இந்தப் பிரிவு புதிதல்ல. உளி இல்லாமல் சிலை ஏது? ஆனால் எந்தக் கல்லில், எந்த இடத்தில், எப்போது உளி இறங்க வேண்டும் என்பதைச் சுத்தியலின் ஓசை முதலில் சொல்லிவிடும்.

இன்று இந்த ஊரிலிருந்து ஐம்பது தாண்டிய, சர்க்கரை உள்ள ஒரு சிற்பி நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறி ஈரல் சோதனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொண்டால், அங்கே அவருக்குப் பழக்கமான காரியமே நடக்கும். மல்லாந்து படுத்து, காலமெல்லாம் சுத்தியல் பிடித்த வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விலாவின் நடுவே குளிர்ந்த பசை தடவி முனையை வைப்பார்கள். லேசாக ஒரு தட்டு, பிறகு இன்னொன்று. சரியான அளவு பத்துக் கிடைக்கும்வரை தட்டி, பத்தின் நடு எண்ணை எடுத்துக்கொள்வார்கள். 6 என்று வந்தால் எடையையும் சர்க்கரையையும் கவனிக்கச் சொல்லி, ஓரிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் தட்டிப் பார்க்க வரச் சொல்வார்கள். 14 என்று வந்தால் அன்றைக்கே ஈரல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஊசி வேண்டுமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழும்.